ஏணியைப் பிடிக்கலாமா?

அறநெறி இறையியல் பயின்ற குருக்கள் யாவரும் அறிந்த பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தலைவன் ஒருவன் பிறர் வீட்டுச் சன்னல் வழியே ஏறி, அங்குள்ள கன்னிப் பெண்ணைக் கெடுக்கப் போகிறான். அவனுடைய ஊழியன் ஏணியைச் சுமந்து வருகிறான், தோள் கொடுக்கிறான், கதவைத் திறந்துவிடுகிறான். ஊழியனுக்கு அந்தப் பாவத்தில் விருப்பமில்லை. மறுத்தால் தலைவன் சினந்து பார்ப்பான், அடிப்பான், வேலையைவிட்டு விரட்டுவான் என்ற அச்சமே காரணம். அப்படியானால் ஊழியன் செய்தது சாவான பாவமா? அன்று என்று அந்நாளைய அறநெறியாளர் சிலர் வாதித்தனர். 1679-ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் அக்கருத்தைத் தவறெனத் தள்ளினார். பின்னர் புனித அல்போன்ஸ் லிகோரியார் இவ்வகைச் சிக்கல்களையெல்லாம் நிதானமாக ஆராய்ந்து, பிறர் செய்யும் தீமைக்குத் துணைபோவதில் இருவகை உண்டெனப் பிரித்துக் காட்டினார். பிறருடைய தீய விருப்பத்தோடு நம் விருப்பத்தையும் சேர்த்துக்கொள்வது ஒன்று. அது எந்நாளும் ஆகாது. விருப்பம் சேராமல், அவருடைய செயலுக்கு மட்டும் நம் செயல் ஏதோவொரு வகையில் துணையாகிவிடுவது மற்றொன்று. இந்த இரண்டாவது வகையில், நாம் செய்வது தன்னளவில் தீதற்றதாகவும், அதைச் செய்வதற்குத் தகுந்த, போதிய காரணம் உடையதாகவும் இருந்தால், அது ஒப்பத்தக்கதாகலாம். உதவி எவ்வளவு நெருக்கமானதோ, தீமை எவ்வளவு பெரியதோ, காரணமும் அவ்வளவு பெரியதாக இருத்தல் வேண்டும்.

இந்த ஏணியைப் பற்றி இன்று நாம் நினைக்க நேர்ந்தது, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அருட்சகோதரிகள் சிலருக்கு 1999-இல் நேர்ந்த ஒரு சோதனையால்தான்.

சிட்னியில் கிங்ஸ் கிராஸ் என்றொரு பகுதி. மதுக்கூடங்களுக்கும் விலைமாதர் தெருவுக்கும் பேர்போன இடம். அதற்கு அடுத்தாற்போல் டார்லிங்ஹர்ஸ்டில், பிறரன்புச் சகோதரிகள் சபையினர் 1857-இல் தொடங்கிய புனித வின்சென்ட் மருத்துவமனை நிற்கிறது. 1838-இல் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த ஐந்து சகோதரிகளின் வழிவந்தவர்கள் அவர்கள். எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே உலகம் அஞ்சிய 1984-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலேயே முதன்முதலாக அவர்களுக்கென ஒரு வார்டைத் திறந்தது அந்த மருத்துவமனை. 1986-இல் அங்கே போதைநோய்ப் பிரிவின் தலைவராயிருந்த மருத்துவர் அலெக்ஸ் வோடக்கும் அவருடைய தோழரும், அந்நாளைய சட்டம் தடுத்திருந்தும், போதை ஊசி போட்டுக்கொள்வோருக்குத் தூய ஊசிகளை வழங்கத் துணிந்தனர். பின்னர் சட்டமே அவர்களைப் பின்பற்றி மாறியது. ஆஸ்திரேலியாவில் ஊசி போடுவோரிடையே எச்.ஐ.வி. பெருகாமற்போனதற்கு அது ஒரு முக்கிய காரணம் என்று மருத்துவ உலகம் ஏற்கிறது.

இதன் மறுபக்கத்தை அறிய நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் நாட்டின் மணிப்பூரைப் பார்த்தால் போதும். 1989-இல் அங்கே ஊசி போடுவோரிடம் அந்தக் கிருமி தென்படத் தொடங்கிற்று. ஓராண்டுக்குள் அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை அது பற்றிக்கொண்டது. ஓர் ஊசியைப் பத்துப் பேர் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டதன் விளைவு அது. அவர்களுடைய மனைவியரும், அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளும் எந்த ஊசியையும் தொடாமலே அந்நோயை ஏற்றனர். இன்று இந்திய அரசின் எய்ட்ஸ் தடுப்பு நிறுவனமே தூய ஊசிகளையும், ஹெராயினுக்கு மாற்றாக நாவடியில் வைக்கும் மாத்திரையையும் வழங்குகிறது என்பதை நம்முள் பலர் அறியோம்.

சிட்னிக்குத் திரும்புவோம். 1990-களின் பின்பகுதியில் ஆஸ்திரேலியாவில் ஹெராயின் மலிந்து கிடந்தது. 1999-ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 54 வயது வரையுள்ளோரில் 1,116 பேர் அளவு மீறிய போதையால் மாண்டனர். ஹெராயினால் வரும் சாவு எத்தகையது என்பதைச் சற்று அறிந்துகொள்ளுதல் நலம். ஏனெனில் நம் விவாதம் அதைப் பொறுத்தது. அது இதயத்தை வெடிக்கச் செய்வதில்லை. உடலை நஞ்சாக்கிச் சிதைப்பதுமில்லை. மூச்சுவிடச் சொல்லி மூளை இடும் கட்டளையை அது மெல்ல மெல்ல அடக்கிவிடுகிறது. மூச்சு தளர்கிறது, உதடு நீலம் பாய்கிறது, மனிதன் உறங்குவதுபோல் கிடந்து இறக்கிறான். அருகே ஒருவர் இருந்து, முகமூடி வைத்து உயிர்வளி செலுத்தினால், வேண்டுமானால் நலாக்சோன் என்னும் மாற்று மருந்தை ஏற்றினால், சில நிமிடங்களில் அவன் கண் விழிப்பான். ஆகவே பெரும்பாலும் ஹெராயின் மட்டும் ஆளைக் கொல்வதில்லை. ஹெராயினும் தனிமையும் சேர்ந்தே கொல்கின்றன. கழிப்பறைக்குள் தாழிட்டுக்கொண்டவன், சந்தில் ஒதுங்கியவன், காவலருக்கு அஞ்சி அவசரமாகக் குத்திக்கொண்டவன் ஆகியோரே மிகுதியாக மாள்கின்றனர்.

காவல்துறை ஊழலை ஆராய்ந்த நீதிபதி வுட் ஆணையம், கிங்ஸ் கிராஸில் வாடகைக்கு அறை கொடுத்து ஊசி போட இடமளிக்கும் கள்ள விடுதிகள் நடப்பதையும், அவற்றுக்கும் காவலர்க்கும் இடையே பணம் கைமாறியதையும் வெளிக்கொணர்ந்தது. மருத்துவக் கண்காணிப்புள்ள இடங்களை அரசே அனுமதிப்பது பற்றி ஆராயலாம் என 1997-இல் அது கருத்துரைத்தது. 1998-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று கூடாது என்றது. 1999 மே மாதத்தில் மாநில அரசு ஐந்து நாள் மாநாடு கூட்டி, ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தது. அதை நடத்த யாரை அழைப்பது? அந்தத் தெருக்களை நூற்றாண்டுக்கும் மேலாக அறிந்த பிறரன்புச் சகோதரிகளைத்தான் அழைத்தார்கள். அவர்களும் இசைந்தார்கள்.

அந்த இல்லத்தில் என்ன நடக்கும்? வருபவர் போதைப்பொருளைத் தாமே கொண்டுவர வேண்டும். அங்கே அது கொடுக்கப்படாது. முதல் முறை வருகையில் பெயர் பதிவும் மருத்துவ விசாரணையும் உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதோருக்கும், கருவுற்ற பெண்களுக்கும், ஏற்கெனவே மயக்கத்தில் இருப்போருக்கும் இடமில்லை. தூய ஊசி தரப்படும். செவிலியர் எவரும் ஊசி குத்தமாட்டார். குத்திக்கொள்வது அவரவர் கை. மூச்சு தளர்ந்தால் செவிலியர் ஓடிவருவார். பின்னர் அடுத்த அறையில் அமர்ந்து இளைப்பாறலாம், புண்ணுக்கு மருந்திடலாம், விடுபட விரும்பினால் சிகிச்சைக்கு வழிகாட்டப்படும்.

1999 அக்டோபர் இறுதியில் உரோமையிலிருந்து ஆணை வந்தது. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம், இத்திட்டத்தினின்று சகோதரிகள் விலகிக்கொள்ள வேண்டும் எனப் பணித்தது. அப்போது அப்பேராயத்தின் தலைவர் கர்தினால் யோசேப்பு ராட்சிங்கர். சகோதரிகள் கீழ்ப்படிந்தனர். பணியை யுனைட்டிங் திருச்சபை ஏற்றது. (மெதடிஸ்டு, பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் கூடி 1977-இல் ஒன்றான திருச்சபை அது. நம் பக்கத்துத் தென்னிந்தியத் திருச்சபையின் தம்பி எனலாம்.) 2001 மே மாதத்தில், கிங்ஸ் கிராஸ் இரயில் நிலையத்துக்கு எதிரே அந்த இல்லம் திறக்கப்பட்டது.

சகோதரிகள் கீழ்ப்படிந்ததைக் குறித்து நமக்கு மதிப்பே உண்டு. ஆயினும் அவர்கள் முன் நின்ற வினா அவர்களோடு முடிந்துவிடவில்லை. மருத்துவராயும் செவிலியராயும் சமூகப் பணியாளராயும் சட்டம் இயற்றுவோராயும் உள்ள பொதுநிலையினர் பலர் முன்னே அது இன்றும் நிற்கிறது. அதனால் அதை நாமும் எடைபோட்டுப் பார்ப்பது தகும்.

எதிர்ப்போரின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. போதைப்பொருளைப் பயன்படுத்துவது, மருத்துவத் தேவை தவிர, கனமான குற்றமென்றே திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. தூய ஊசியை ஒருவன் கையில் கொடுக்கும்போது அவன் என்ன செய்யப் போகிறான் என்பது நமக்குத் தெரியும். அவன் வேறெதற்கும் அதைக் கேட்கவில்லை. ஏணியும் அப்படித்தானே? மேலும், இடறல் என்பது ஒன்றுண்டு. துறவற உடையும் சிலுவைச் சின்னமும் உள்ள ஓர் இல்லத்தில் ஊசி போட இடம் தரப்பட்டால், அது அத்துணைப் பெரிய தவறன்று போலும் என்று இளையோர் நினைக்கமாட்டார்களா? மூன்றாவதாக ஒன்று, நம் கருத்தில் இதுவே வலிமை மிக்கது: அடிமைப்பட்டவனுக்கு நாம் தர வேண்டியது விடுதலை. விடுதலை அரிது என்பதற்காக அடிமைத்தனத்தையே சற்று வசதியாக்கிக் கொடுப்பது அவன்மேல் நம்பிக்கை இழந்ததற்கு அடையாளம் அன்றோ? திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜூன் மாதம் உரோமையில் போதைத் தடுப்பு அதிகாரிகளிடம் பேசியபோது, போதையைப் போதையால் வெல்ல முடியாது என்ற கருத்தையே வலியுறுத்தினார். அளவுக்குட்பட்டுச் சட்டபூர்வமாக்குவதும் எதிர்பார்த்த பயனைத் தராது என்றார்.

இனி நம் தரப்பு. முதலில் ஏணியை உற்றுப் பார்ப்போம். ஊழியன் ஏணியைப் பிடித்தது தன் வேலையைக் காத்துக்கொள்ள. கெட்டழிந்ததோ, உள்ளே உறங்கிய ஒரு பெண். தன் நலத்துக்காக மூன்றாம் ஒருத்தியின் கேட்டிற்குத் துணைபோனான். திருத்தந்தை தள்ளியது இதையே. சிட்னியில் கேடு யாருக்கு? ஊசி போடுபவனுக்கே. அவனுக்கு வரவிருக்கும் கேட்டைத் தடுக்கவே செவிலியர் அங்கே நிற்கிறார். தலைவன் ஏறுவதற்குத் துணையாக அவர் ஏணியைப் பிடிக்கவில்லை. அவன் எப்படியும் ஏறத்தான் போகிறான் என்பது உறுதியாகிவிட்ட நிலையில், விழுந்தால் தாங்கிக்கொள்ளக் கீழே கைநீட்டி நிற்கிறார். ஊசியைக் கையில் கொடுப்பது மட்டும் இந்த ஒப்புமைக்குள் முழுதும் அடங்கவில்லை என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. ஊசி அச்செயலுக்கே கருவியாகிறது. ஆயினும் அங்கே தரப்படுவது ஊசி என்பதைவிட, தூய்மை. கொடுக்காவிட்டால் அவன் போடாமல் இருக்கப்போவதில்லை. முந்தைய நாள் வேறொருவன் எறிந்ததை எடுத்துப் போடுவான். மணிப்பூர் அதைக் காட்டிற்று.

இரண்டாவது, லிகோரியார் தந்த அளவுகோல் நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாருங்கள். போதிய காரணம் இருக்க வேண்டும் என்கிறார். போதிய காரணம் உண்டா இல்லையா என்பதை நூலகத்தில் அமர்ந்து முடிவு கட்ட முடியுமா? உயிர்கள் உண்மையில் காக்கப்படுகின்றனவா, போதை பரவுகிறதா, சிகிச்சைக்குப் போவோர் குறைகின்றனரா என்பனவற்றைத் தெருவில் இறங்கி எண்ணிப் பார்த்தவர்களிடம் கேட்டாக வேண்டும். பயன் நல்லதாயிருந்தால் எச்செயலும் நல்லதாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. அது நம் மறைக்கு ஒவ்வாத கொள்கை. தன்னளவில் தீதற்ற ஒரு செயலுக்குக் காரணம் போதுமா என்று எடை போடும்போது தராசின் மறுதட்டில் வைக்க வேண்டியது உண்மை நிலவரமே என்கிறோம். 1999-இல் அந்தத் தட்டில் வைக்க அதிகம் இருக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1986-இல் முதல் இல்லம் திறக்கப்பட்டிருந்தாலும், ஆராய்ச்சி சொற்பமே. இன்று நிலை அதுவன்று.

சிட்னி இல்லத்தில் இருபது ஆண்டுகள் நிறைவதற்குள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தடவை ஊசி போடப்பட்டது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தடவை போதை அளவு மீறியது. அங்கே ஒருவர்கூட இறக்கவில்லை. 2010 வரை சோதனை முயற்சியாகவே நடந்ததை அவ்வாண்டில் மாநிலப் பேரவை நிரந்தரமாக்கியது.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆர்வம் மிக்க ஆதரவாளர் சிலர், இல்லம் திறந்தபின் நாட்டில் சாவு குறைந்ததைச் சுட்டிக்காட்டி மகிழ்வதுண்டு. 1999-இல் 1,116 ஆக இருந்த சாவு 2001-இல் 386 ஆகக் குறைந்தது உண்மையே. ஆனால் 2001-இன் தொடக்கத்திலிருந்து ஆஸ்திரேலியா முழுவதும் ஹெராயினுக்கு திடீர்ப் பஞ்சம் ஏற்பட்டது. இல்லம் இல்லாத ஊர்களிலும் சாவு குறைந்தது. ஆதலால் அந்த வீழ்ச்சியை இல்லத்தின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. ஆராய்ச்சியாளர்கள் இதை அறிந்தே வேறொரு வழி கண்டனர்: போதை மீறிய அழைப்புக்காக ஆம்புலன்ஸ் வண்டி ஓடிய கணக்கை எடுத்து, இல்லத்தின் சுற்றுப்புறத்தையும் மாநிலத்தின் பிற பகுதிகளையும் ஒப்பிட்டனர். பஞ்சம் எல்லாவிடத்தும் ஒன்றே. ஆனால் அழைப்புகள் இல்லத்தின் அருகே கூடுதலாகக் குறைந்திருந்தன. அதிலும் இல்லம் திறந்திருக்கும் நேரங்களில் இன்னும் கூடுதலாக. கனடாவின் வான்கூவரில் 2003 செப்டம்பரில் திறந்த இல்லத்தைச் சுற்றி ஐந்நூறு மீட்டருக்குள் போதைச்சாவு 35 விழுக்காடு குறைந்ததையும், நகரின் மற்றப் பகுதியில் 9.3 விழுக்காடே குறைந்ததையும் 2011-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. அங்கு வந்தவர்களிடையே நச்சு நீக்கச் சிகிச்சைக்குப் போனோர் தொகை, இல்லம் திறந்தபின் முப்பது விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தது என்பது வேறோர் ஆய்வு. அடிமைத்தனத்தில் அவர்களை நிலைநிறுத்திவிடும் என்ற அச்சத்துக்கு அது ஓரளவேனும் மறுமொழி.

இதே வான்கூவரைக் காட்டி எதிர்ப்போர் கேட்கலாம்: அப்படியானால் 2016-இல் அம்மாநிலம் போதைச்சாவுகளுக்காகப் பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்க நேர்ந்தது ஏன்? நியாயமான கேள்வி. ஹெராயினைவிடப் பன்மடங்கு வீரியமுள்ள ஃபென்டனில் கள்ளச்சந்தையை நிறைத்துவிட்டது. அந்த வெள்ளத்துக்கு ஓர் அறையும் சில செவிலியரும் அணையாக முடியாது. இத்தகைய இல்லம் அதனுள் நுழைந்தவரைக் காக்கும். நுழையாத ஆயிரவரை அது எங்ஙனம் காக்கும்? மேலும், இல்லம் நடத்துவது வேறு, போதைப்பொருள் வைத்திருப்பதைக் குற்றமல்ல என்று அறிவிப்பது வேறு, கடை திறந்து விற்பது வேறு. மூன்றையும் ஒரே மூட்டையாய்க் கட்டி ஆதரிப்போரும் உண்டு, எதிர்ப்போரும் உண்டு. அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம் 2020-இல் மக்கள் வாக்கால் தண்டனையை நீக்கிவிட்டு, சிகிச்சை ஏற்பாடு அதனோடு ஈடுகொடுத்து வளராத நிலையில், 2024-இல் மீண்டும் குற்றமாக்கிக்கொண்டது. 2001-இல் தண்டனையை நீக்கிய போர்த்துக்கல்லோ, பிடிபட்டவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் மருத்துவரும் சமூகப் பணியாளரும் அமர்ந்த குழுவின் முன் அனுப்பி, சிகிச்சைக்கும் பணம் ஒதுக்கிற்று. ஒரே சட்டச் சொல் இரண்டு நாட்டில் இருவேறு பலன் தந்தது.

மூன்றாவதாக, இடறல் பற்றி. யாருக்கு இடறல்? ஹெராயின் ஊசி போட்டுக்கொண்டு நீலம் பாய்ந்த உதட்டோடு கிடப்பவனைச் செவிலியர் உலுக்கி எழுப்புவதைப் பார்த்து, நாமும் அப்படி ஆகலாமே என்று எந்த இளைஞன் ஆசைப்படுவான்? இடறலுக்கு அஞ்சுவது நல்லதே. ஆனால் நல்ல சமாரியர் உவமையில் ஒதுங்கிப் போன குருவும் லேவியரும் எதற்கு அஞ்சினர் என்று விளக்கவுரையாளர் சொல்வதை நினைத்துப் பாருங்கள். பிணத்தைத் தொட்டுத் தீட்டாகிவிடுமோ என்று அஞ்சினர் என்பர். அதுவும் சட்டத்தின்மேல் கொண்ட மதிப்பே. கிடந்தவன் தன் தவற்றால் கள்வர் கையில் சிக்கினானா, தவறேதுமின்றிச் சிக்கினானா என்பதை உவமை சொல்வதில்லை.

புனித தோமா அக்குவினார் மனிதச் சட்டத்தைப் பற்றி ஆராயும்போது, அது எல்லாத் தீயொழுக்கங்களையும் தடுக்க முற்படலாகாது என்கிறார். பெரும்பாலான மனிதர் நிறைவு எய்தாதவர். தாங்க மாட்டாத சுமையை ஏற்றினால் இன்னும் பெரிய தீமைக்குள் வீழ்வர் என்பது அவர் காட்டும் காரணம். இது சட்டத்துக்குச் சொன்னது, செவிலியருக்குச் சொன்னதன்று என்று ஒருவர் மறுக்கலாம். பொறுத்துக்கொள்வது வேறு, துணைநிற்பது வேறு என்பதும் சரியே. ஆயினும் மனித இயல்பை அவர் பார்த்த பார்வை அதில் தெரிகிறது. மறைக்கல்வி நூலும், பழக்கத்தின் வலிமையும் உள்ளத்தின் கட்டுப்பாடும் ஒருவருடைய பொறுப்பைக் குறைக்கலாம் என்று கூறத் தயங்குவதில்லை. இருபது வயதில் முதல் ஊசியைத் தேர்ந்துகொண்டவனும், முப்பது வயதில் ஐயாயிரமாவது ஊசிக்காக நடுங்குபவனும் அதே மனிதனே. ஆனால் அதே சுதந்திரம் உடையவன் அல்லன்.

நம்பிக்கை இழந்ததன் அடையாளம் என்ற வாதத்துக்கு மட்டும் நாம் நெடுநாள் விடை காண முடியாமல் இருந்தோம். அதற்கு ஒரு விடையை, எதிர்பாராத வகையில், அதே கர்தினால் ராட்சிங்கரிடமே கண்டோம். பதினாறாம் பெனடிக்ட் என்ற பெயரில் திருத்தந்தையான அவர், 2007 மே மாதம் பிரேசிலில் நம்பிக்கைப் பண்ணை என்று பொருள்படும் ஃபசெண்டா த எஸ்பெரான்சா இல்லத்துக்குச் சென்றார். ஒரு பிரான்சிஸ்கன் துறவியும் இளைஞர் ஒருவரும் 1983-இல் தொடங்கிய இல்லம் அது. உழைப்பு, கூட்டு வாழ்வு, செபம் ஆகிய மூன்றைக் கொண்டே அடிமைப்பட்டோரை மீட்கிறார்கள். போதை வணிகர் இறைவனுக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும் என்று திருத்தந்தை அங்கே கடுமையாக எச்சரித்தார். அந்தப் பண்ணையின் வழிதான் திருச்சபையின் வழி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பண்ணைக்கு வந்து சேர்ந்த ஒவ்வொருவனுக்கும் வருவதற்கு முந்தைய இரவு ஒன்று இருந்தது. அதற்கு முன்னும் எத்தனையோ இரவுகள். அந்த இரவுகளில் எவனாவது கழிப்பறைக்குள் தாழிட்டுக்கொண்டு இறந்திருந்தால் பண்ணையில் ஒரு கட்டில் காலியாக இருந்திருக்கும். சிட்னி அறையில் நின்ற செவிலியர் நம்பிக்கை இழந்தவராக நமக்குத் தோன்றவில்லை. இவன் ஒருநாள் எழுந்து போவான் என்று நம்புகிறவர்தான், அதுவரை இவன் மூச்சு ஓட வேண்டும் என்று கவலைப்படுவார்.

ஆகவே, காரணம் போதியது என்பதே நம் எளிய கருத்து. கற்றறிந்த இறையியலார் நம்மைத் திருத்தினால் கேட்டுக்கொள்ளச் சித்தமாயிருக்கிறோம். கீழ்ப்படிந்த சகோதரிகளைக் குறைகூறும் தகுதி நமக்கில்லை.

இவ்வளவு தொலைவில் நடந்ததைப் பற்றி ஏன் இத்தனை மன உளைச்சல் என்று வாசகர் கேட்கக்கூடும். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தபோது, குடித்துச் செத்தவன் குடும்பத்துக்கு ஏன் பத்து இலட்சம் என்று நம் ஆலய வாசல்களிலும் பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சில் நாமும் கலந்துகொண்டோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதைவிடப் பழைய கணக்கு ஒன்றும் நம்மிடம் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் இருந்த பங்கில் ஏழையர் உதவிக்குழு ஒன்று நடந்தது. அதில் நாம் கணக்கு எழுதிவந்தோம். கட்டட வேலைக்குப் போகும் ஒரு தாய் வந்து கேட்டார். மகனுக்குக் காசநோய். மாத்திரையை அரசு மருத்துவமனையில் இலவசமாகத் தருகிறார்கள். ஆனால் வெறும் வயிற்றில் அந்த மாத்திரை நிற்கவில்லை, வாந்தியெடுத்துவிடுகிறான். மாதம் ஒரு தொகை கிடைத்தால் பாலும் முட்டையும் வாங்கிக் கொடுப்பேன் என்றார். மகன் குடிகாரன் என்பது ஊரறிந்த செய்தி. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று யாரோ கூட்டத்தில் சொன்னார்கள். அது நாமாகவும் இருக்கலாம். நாம் காசு கொடுத்தால் அது சாராயக் கடைக்குத்தானே போகும், அந்தப் பாவத்துக்கு நாம் ஏன் துணைபோக வேண்டும் என்று ஒருமனதாக முடிவெடுத்தோம். குடியை விட்டுவிட்டதாக அவன் பங்குத்தந்தை முன் வந்து சொல்லட்டும், பிறகு தொடங்கலாம் என்றோம். காசாக வேண்டாம், பாலாகவும் முட்டையாகவுமே கொடுக்கலாம் என்பது ஒருவருக்கும் அப்போது தோன்றவில்லை. அந்த அம்மாள் அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். "அவன் நடக்க முடிஞ்சா வந்து சொல்லமாட்டானா ஐயா" என்று அப்போது கேட்டார். நான்காவது மாதம் அவர் வரவில்லை. சாவு மணி அடித்த பிறகே யாருக்கென்று விசாரித்தோம்.

குழு பின்னர் கலைந்தது. கணக்கு நோட்டு மட்டும் இன்னும் நம் வீட்டில் இருக்கிறது. அவன் பெயருக்கு எதிரே, நம் கையெழுத்தில், "விண்ணப்பம் நிலுவையில்" என்று எழுதியிருக்கிறது.